6-க்கும் 4-க்கும் மடங்கு என்றால் 24-க்கும் மடங்கா? மகளின் பரிட்சைக் கணக்கு

மோல்மேன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஜி.இ.டி. என்ற, அமெரிக்கப் பள்ளியிறுதிக்குச் சமமான பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒரு மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது.

"க என்பது ஒரு முழு எண். அது 6-இன் மடங்கு, 4-இன் மடங்கும்கூட. அப்படியானால் க கட்டாயம் எதன் மடங்காக இருக்கும்? 8, 12, 18, 24."

அவள் 24 என்று போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் 24 என்றுதான் சொன்னேன். விடைத்தாளில் 12 என்று இருக்கிறது. 12-ஐயே எடுத்துப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. அது 6-ஆலும் வகுபடுகிறது, 4-ஆலும் வகுபடுகிறது, 24-ஆல் வகுபடவில்லை. ஆனால் பிள்ளை விடவில்லை. "முந்தின பக்கத்தில் 3-க்கும் 4-க்கும் மடங்கு என்றால் பெருக்கி 12 என்று போட்டேன், சரி என்று வந்தது. இங்கே மட்டும் ஏன் பெருக்கக் கூடாது?" என்று கேட்கிறாள். அதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு சிரமமும் இருக்கிறது. பள்ளியில் பர்மிய மொழியில் படித்தாள், வீட்டில் தமிழ், இந்தப் பரிட்சை ஆங்கிலம். மடங்கு எது, காரணி எது என்பதிலேயே தடுமாறுகிறாள். யாராவது கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.


தட்டோன் தம்பி:

அக்கா, நானும் இதே பரிட்சைக்குத்தான் படிக்கிறேன். எங்கள் சார், "பொதுக் காரணி இருந்தால் பெருக்காதே, மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடு" என்று சொல்லிக் கொடுத்தார். அப்படிச் செய்தால் விடை சரியாக வருகிறது. ஏன் வருகிறது என்று கேட்டால் எனக்கும் தெரியாது. பதில் வந்தால் நானும் படித்துக்கொள்கிறேன்.


பெகு டியூஷன் அக்கா:

தங்கச்சி, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. இதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. காலையில் வகுப்பு இருந்தது, இப்போதுதான் கரண்ட் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கணக்கை விட்டுவிட்டு முதலில் வீட்டுக்கு வாருங்கள். அலமாரியில் ஒரு பணப்பெட்டி இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரு நூறு கியாட் நோட்டும் ஓர் ஐந்நூறு கியாட் நோட்டும் பார்த்தேன்" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மகள் பார்த்துவிட்டு, "இரண்டு நூறு நோட்டு பார்த்தேன்" என்கிறாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இப்போது பெட்டியைத் திறக்காமல் எதை உறுதியாகச் சொல்லலாம்? இரண்டு நூறு, ஓர் ஐந்நூறு. அவ்வளவுதான். மூன்று நூறு இருக்கிறது என்று சொல்ல முடியாது. அப்பா பார்த்த நூறும் மகள் பார்த்த இரண்டில் ஒன்றும் ஒரே நோட்டாக இருக்கலாம் அல்லவா?

இப்போது கணக்குக்கு வருவோம். நூறு நோட்டு இருந்த இடத்தில் 2-ஐ வையுங்கள், ஐந்நூறு இருந்த இடத்தில் 3-ஐ வையுங்கள். க 6-இன் மடங்கு என்றால் கவுக்குள் ஒரு 2-உம் ஒரு 3-உம் இருக்கிறது. க 4-இன் மடங்கு என்றால் உள்ளே இரண்டு 2 இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடிவது இரண்டு 2, ஒரு 3. பெருக்கினால் 2 × 2 × 3 = 12. மகள் 6-ஐயும் 4-ஐயும் பெருக்கியபோது ஒரே 2-ஐ இரண்டு தடவை எண்ணிவிட்டாள். 24-க்கு மூன்று 2 வேண்டும். மூன்றாவது 2 இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

3-க்கும் 4-க்கும் பெருக்கியபோது சரியாக வந்ததற்குக் காரணமும் இதேதான். ஒருவர் 3-ஐப் பார்த்தார், இன்னொருவர் இரண்டு 2-ஐப் பார்த்தார். ஒரே நோட்டை இரண்டு பேரும் பார்க்க வழியே இல்லை. அதனால் பெருக்கினாலும் தப்பில்லை.

தம்பி, உங்கள் சார் சொன்ன மீ.சி.ம. என்பது இந்தப் பெட்டிக் கணக்குத்தான். பகா எண்களாக, அதாவது 2, 3, 5 போல மேலும் பிரிக்க முடியாத எண்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறதோ அந்த அளவு எடுத்துக்கொள்கிறோம். யாரும் அதைப் பெட்டி என்று சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால்தான் பிள்ளைகள் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுப் பரிட்சை அறையில் மறந்துவிடுகிறார்கள்.


வியாசர்பாடி பர்மாக்காரர்:

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம். டியூஷன் அக்கா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் பரிட்சை என்று வந்தால் நேரம்தானே முக்கியம்? ஜி.இ.டி. கணக்குத் தாளுக்கு 115 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் பகா எண்ணாகப் பிரித்துக்கொண்டிருக்க முடியுமா?

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபமான வழி. 6-இன் மடங்குகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போ: 6, 12. 12 வந்ததும் 4-ஆல் வகுபடுகிறது, நிறுத்து. அந்த 12-ஐ வைத்துக்கொண்டு விடைகளைப் பார். 12 என்பது 8-இன் மடங்கு இல்லை, 18-இன் மடங்கு இல்லை, 24-இன் மடங்கும் இல்லை. மூன்றும் போயிற்று. பத்து விநாடி வேலை.


பெகு டியூஷன் அக்கா:

அண்ணே, நீங்கள் சொன்ன வழியை நானும் சொல்லிக் கொடுக்கிறேன். "கட்டாயம்" என்ற சொல் கேள்வியில் இருந்தால், ஒத்துவராத எண் ஒன்று கிடைத்தாலே அந்த விடையை அடித்துவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது மட்டும் கையில் இருந்தால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே பிள்ளை நின்றுவிடும். இதைப் பாருங்கள்.

"க ஒரு முழு எண். கவைக் கவாலேயே பெருக்கினால் வருவது 12-இன் மடங்கு. க கட்டாயம் எதன் மடங்கு?"

இங்கே மடங்குகளைச் சொல்லிக்கொண்டே போனால் 12, 24, 36 என்று வரும். இதில் எது ஓர் எண்ணின் வர்க்கம் என்று தேட வேண்டும். 36 கிடைக்கும், க 6 என்று வரும். சரி, 6 என்று போட்டுவிடலாம். ஆனால் அது எப்போதும் சரியா என்ற சந்தேகம் போகாது. பெட்டியைத் திறந்தால் சந்தேகமே இல்லை. க × க என்றால் உள்ளே இருப்பதெல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். 12-க்குள் இரண்டு 2, ஒரு 3. அந்த ஒற்றை 3-க்கு ஒரு துணை கட்டாயம் இருக்கிறது. ஜோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டால் கவுக்குள் ஒரு 2, ஒரு 3. ஆக 6.

இப்படிப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு நேரமும் மிச்சமாகும் அண்ணே. அதுவும் முதல் 5 கேள்விக்குக் கால்குலேட்டர் தரமாட்டார்கள்.


வியாசர்பாடி பர்மாக்காரர்:

வர்க்கக் கணக்கில் என் வழி தடுக்கிறது, உண்மைதான். பெட்டி வழியையும் என் பிள்ளைகளிடம் இன்று இரவே சொல்லிப் பார்க்கிறேன்.


மோல்மேன் அம்மா:

அக்கா, நோட்டுக் கதையை அப்படியே மகளிடம் சொன்னேன். "ஒரே நோட்டை இரண்டு தடவை எண்ணியிருக்கிறேன்" என்று அவளே சொல்லிவிட்டாள். ரொம்ப நன்றி. மடங்கு, காரணிக் குழப்பத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.


ரங்கூன் மாமி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். முப்பது வருடம் இரண்டு மொழியிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன்.

பர்மிய மொழியில் வகுப்பதற்கு "ச்சா" என்ற சொல். சாப்பிடுவதற்கும் அதே சொல்தான். மீதியில்லாமல் வகுபடுவதை "ச்சா லோ ப்யத்" என்பார்கள். ப்யத் என்றால் துண்டாக அறுபடுவது, முடிந்துபோவது. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தது போல என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், உடனே மனசில் நிற்கும். அப்போது யார் சாப்பிடுகிறார், எது சாப்பாடு என்பதும் தெளிவாகிவிடும். 12-ஐ 4 சாப்பிட்டு முடிக்கிறது. 12 சாப்பாடு, அது மடங்கு. 4 சாப்பிடுகிறவர், அது காரணி.

பள்ளிப் புத்தகத்தில் மடங்கை "ச தோ கெய்ன்" என்றும் காரணியை "ச க்வே கெய்ன்" என்றும் படித்திருப்பாள். தோ என்றால் கூடுவது, க்வே என்றால் பிரிப்பது, கெய்ன் என்றால் எண். கூடிக்கொண்டே போவது மடங்கு, பிரித்து எடுப்பது காரணி. நம் தமிழிலும் பாருங்கள், இரு மடங்கு, மும்மடங்கு என்கிறோம். மடங்கு என்றால் மடிப்பு. 4 முழத் துணியை மூன்று மடிப்பாக அடுக்கி வைத்திருக்கிறோம், விரித்தால் 12 முழம். மூன்று மொழியையும் சேர்த்து வைத்துச் சொன்னால் பிள்ளைக்குப் பாரமாகாது, அனுகூலமாகவே இருக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எந்த எண்ணும் தனக்குத் தானே மடங்கு, தனக்குத் தானே காரணியும்கூட. அப்புறம் 0 எல்லா எண்ணுக்கும் மடங்கு. "100-க்குக் குறைந்த 7-இன் மடங்குகள்" என்று கேட்டால் மிகை எண்களை மட்டும் கேட்கிறார்களா, 0-வையும் சேர்க்க வேண்டுமா என்று கேள்வியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.


மொகல் தெரு தாத்தா:

பேரன் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். எனக்கு 84 வயது. எங்கள் அப்பா போருக்கு முன்னால் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது கொடுக்கல் வாங்கல் கடையில், கணக்கு எழுதியவர்.

அந்தக் காலத்து ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. ஆக ஒரு ரூபாய் 192 பை. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 64, மிச்சம் கிடையாது. இப்போது 100-ஐ மூன்று பேருக்குப் பிரித்தால் 1 நிற்கிறது. அரிசியும் அப்படித்தான். ஒரு கூடைக்கு 16 ப்யீ, ஒரு ப்யீக்கு 8 பால் டின். ஒரு கூடை 128 டின். பாதி, அதில் பாதி என்று ஏழு தடவை பிரிக்கலாம், கடைசியில் ஒரு டின் நிற்கும். ஆனால் மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்க முடியாது, ஏனென்றால் அந்த 128-க்குள் 2 மட்டும்தான் இருக்கிறது. டியூஷன் வாத்தியாரம்மா சொன்ன பெட்டி இதுதான்.

9-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி இந்த நாட்டில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த மாதமே 45 கியாட், 90 கியாட் நோட்டுகள் வந்தன. அப்போது நாட்டை ஆண்ட நே வினுக்கு 9 ராசியான எண் என்பது ஊரறிந்த விஷயம். 4-உம் 5-உம் 9, 9-உம் 0-உம் 9. இரண்டும் 9-இன் மடங்கு. என் பெட்டியில் இன்னும் ஒரு 45 கியாட் நோட்டு இருக்கிறது, பேரனுக்கு 9-ஆம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தபோது அதைத்தான் காட்டினேன்.

இலக்கங்களைக் கூட்டினால் 9-இன் மடங்கு வந்தால் அந்த எண்ணும் 9-இன் மடங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். காரணம் சொல்பவர் குறைவு. ஆயிரம் கியாட் நோட்டு ஒன்றைச் சில்லறையாக்கி 9 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 111, மிச்சம் 1. நூறு என்றால் ஆளுக்கு 11, மிச்சம் 1. பத்து என்றால் ஆளுக்கு 1, மிச்சமும் 1. இப்போது 4,572 கியாட் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு ஆயிரத்தில் மிச்சம் 4, ஐந்து நூறில் மிச்சம் 5, ஏழு பத்தில் மிச்சம் 7, சில்லறை 2. மிச்சத்தை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் 18. அதையும் 9 பேருக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிடலாம். முடிந்தது. இலக்கங்களைக் கூட்டுகிறோம் என்றால் மிச்சங்களைக் கூட்டுகிறோம் என்று பொருள். ஆளுக்கு 508.


தட்டோன் தம்பி:

தாத்தா, இது எனக்கு இவ்வளவு நாள் தெரியாது! அப்படியானால் 6-க்கும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கலாமா? 7-க்கு ஏதாவது வழி உண்டா?


மொகல் தெரு தாத்தா:

6-க்குச் செல்லாது தம்பி. 15-ஐப் பார், கூட்டினால் 6, ஆனால் 6-ஆல் வகுபடாது. பத்து கியாட்டை 6 பேருக்குக் கொடுத்தால் மிச்சம் 4. நூறிலும் மிச்சம் 4, ஆயிரத்திலும் 4. மிச்சம் 1 ஆக இருந்தால்தான் இலக்கத்தை அப்படியே கூட்டலாம். 3-க்கு அப்படி வரும், 9-க்கு வரும். 6 வேண்டுமென்றால் 3-க்கும் 2-க்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள். 4-க்குக் கடைசி இரண்டு இலக்கம் போதும், நூறு மிச்சமில்லாமல் வகுபடுவதால். 8-க்குக் கடைசி மூன்று.


ரங்கூன் மாமி:

7-க்கு நான் சொல்கிறேன். இங்கே பர்மியர்கள் மஹாபோத் ஜாதகம் பார்க்கும்போது பிறந்த பர்மிய ஆண்டை 7-ஆல் வகுத்து மீதியைத்தான் எடுப்பார்கள். அதனால் இங்கே 7-இன் மீதிக்கு மதிப்பு அதிகம்.

கடைசி இலக்கத்தை இரட்டித்து, மீதமுள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். வருவது 7-இன் மடங்கு என்றால் முதல் எண்ணும் 7-இன் மடங்கு. 2024 ஏப்ரலில் பிறந்த பர்மிய ஆண்டு 1386. கடைசி 6, இரட்டித்தால் 12. 138-இலிருந்து 12 போனால் 126. மறுபடியும் 6-ஐ இரட்டித்தால் 12, மேலே உள்ளதும் 12, கழித்தால் 0. மீதியில்லை. ஒன்றைக் கவனியுங்கள், இந்த வழி வகுபடுமா வகுபடாதா என்று மட்டும்தான் சொல்லும். மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.


பெகு டியூஷன் அக்கா:

மாமி எடுத்த எண் அருமையான எண். 1386-ஐப் பிரித்தால் 2 × 3 × 3 × 7 × 11. தாத்தாவின் 9-உம் உள்ளே இருக்கிறது. 11-க்கு இலக்கங்களை மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும்: 1 − 3 + 8 − 6 = 0. மாமி சொன்ன வழிக்குக் காரணம் 21 என்ற எண். கடைசி இலக்கத்தின் 21 மடங்கை எண்ணிலிருந்து எடுத்துவிடுகிறோம், 21 ஏற்கெனவே 7-இன் மடங்கு என்பதால் எதுவும் கெடாது. எடுத்தபின் கடைசியில் ஒரு 0 நிற்கும், அதை விட்டுவிடுகிறோம். 10-க்குள் 7 இல்லாததால் அதை விட்டாலும் கெடாது.

தங்கச்சி, முதலில் செய்த தப்பு வேறு உருவத்தில் திரும்பி வரும் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள். "1 முதல் 100 வரை 6-ஆலோ 4-ஆலோ வகுபடும் எண்கள் எத்தனை?" 6-இன் மடங்குகள் 16, 4-இன் மடங்குகள் 25. இரண்டிலும் வருவதை ஒரு தடவை கழிக்க வேண்டும். அது 12-இன் மடங்குகள், 8 இருக்கின்றன. விடை 33. பெருக்கிப் பழகிய பிள்ளை 24-இன் மடங்குகளைக் கழிக்கும், அவை 4, விடை 37 என்று வரும். விடைப் பட்டியலில் 37-உம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கேள்வி போடுகிறவர்களுக்கு இந்தத் தப்பு நன்றாகத் தெரியும்.

அவள் இதையும் செய்து பார்க்கட்டும். கோயில் அன்னதானத்துக்கு வந்தவர்களை வரிசைக்கு 6 பேராக உட்கார வைத்தால் 2 பேர் மிச்சம். 8 பேராக உட்கார வைத்தாலும் 2 பேர் மிச்சம். வந்தவர்கள் 60-க்கு மேல், 80-க்குக் கீழ். எத்தனை பேர்? விடையை நான் சொல்லமாட்டேன்.


மோல்மேன் அம்மா:

மகள் செய்துவிட்டாள் அக்கா. அவள் எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"அந்த 2 பேரை எழுப்பிவிட்டால் மற்றவர்கள் 6-க்கும் 8-க்கும் மடங்கு. 6-க்குள் ஒரு 2, ஒரு 3. 8-க்குள் மூன்று 2. பெட்டியில் மூன்று 2, ஒரு 3, ஆக 24. 24, 48, 72. எழுப்பிய 2 பேரைச் சேர்த்தால் 26, 50, 74. 60-க்கும் 80-க்கும் நடுவில் 74 மட்டும். பெருக்கி 48 என்று எடுத்திருந்தால் 50, 98 என்று வந்திருக்கும், விடையே கிடைத்திருக்காது."

அதோடு அவள் ஒன்று கேட்கிறாள். 74 பேரை 9 பேராக உட்கார வைத்தாலும் 2 பேர்தான் மிச்சம். ஆனால் பெட்டியில் ஒரு 3-தானே இருக்கிறது, 9-க்கு இரண்டு வேண்டுமே?


பெகு டியூஷன் அக்கா:

அவளையே 50 பேரை 9 பேராக உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.


மோல்மேன் அம்மா:

5 பேர் மிச்சம் என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "72-இல் இன்னொரு 3 தானாக இருந்திருக்கிறது அம்மா, இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை" என்றாள். இப்போது அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.